பெல்ட்டில் விழுந்த புது ஓட்டை

மேடையில் இருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்கா அவர்களே, செவிலியத் தோழிகளே, வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்து கதவோரம் நிற்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. இன்றைக்கு நிற்கவும் முடியவில்லை; கால் வார்டுப் பக்கமே இழுக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர், "எல்லோரையும் தூங்க வைத்தவர் தூங்கிவிட்டார்" என்றார். நம் மயக்க மருத்துவத் துறைத் தலைவர், நம் பெரியவர், அதைக் கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். "தூங்க வைக்கிறது பெரிய வித்தையாம்மா? எழுப்புறதுக்குத்தானே சம்பளம்!" என்பார்.

எழுப்புவதற்கு அவர் என்னவெல்லாம் செய்தார்! புற்றுநோய் அறுவைக்கு வருகிறவரிடம் நாம் என்ன பார்ப்போம்? ரத்தம் பார்ப்போம், இதயம் பார்ப்போம். அவர் பெல்ட்டைப் பார்த்தார். பழைய ஓட்டை தேய்ந்து கிடக்கும். அதைத் தாண்டி, வீட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை எத்தனை? பெண்களானால், கழன்று விழாமல் மோதிரத்தில் சுற்றிய நூல். 'பெல்ட் டாக்டர்' என்று முதுகுக்குப் பின்னால் பெயர் வைத்தோம். அவரோ போனை எடுத்தாலே "பெல்ட் பேசறேன்" என்பார். அவர் மனைவி, நம் அக்கா, ஒருமுறை என்னிடம் நொந்துகொண்டார்கள்: "கல்யாண வீட்டுலயும் வர்றவங்க இடுப்பையே பார்க்கிறாரு, மானம் போகுது."

நான் எதையும் சட்டென்று நம்புகிறவள் அல்ல. "ஒரு பெல்ட் ஆதாரமாகுமா சார்?" என்று கேட்டேன்.

"ஆகாது. ஆனா மெஷின் இன்னிக்கு எடையைத்தான் சொல்லும். மனுஷன் எங்கிருந்து இறங்கி வந்தான்னு இந்த ஓட்டைதான் சொல்லும்."



போன மாதம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். வயிற்றில் கட்டி. நாற்காலியை நிறைத்து உட்காரும் உடம்பு. "எவ்வளவோ இளைச்சுட்டேன் சார், டிப்போவுல எல்லாரும் பாராட்டுறாங்க" என்று சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. பெல்ட்டில் மூன்று புது ஓட்டைகள். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். முடியவில்லை.

அறுவையைத் தள்ளிவைத்தார். இதோ, மேடையில் இருக்கும் நம் சர்ஜன் கொதித்துப்போனார்.

"கட்டி காத்துக்கிட்டு இருக்குமாய்யா?"

"இருக்காது. இவரு எழுந்திருப்பாரா?"

"இவ்வளவு உடம்பு இருக்கே, தாங்காதா?"

"அது கொழுப்பு. சதை கரைஞ்சு போச்சு. கொழுப்பு வந்து சளியை இருமித் தள்ளுமா? புண்ணை ஆத்துமா?"

ஒல்லியானவர் மெலிந்தால் ஊரே பதறுகிறது. பருமனானவர் மெலிந்தால் ஊரே பாராட்டுகிறது. இதைத்தான் அவர் வாழ்நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தார். அதே மனிதர், 'குண்டாக இருக்கிறாய், இளைத்துவிட்டு வா' என்று யாரையும் திருப்பி அனுப்பவும் விட்டதில்லை. தலைமாட்டை உயர்த்துவார், மூச்சுக்கு வழி பார்ப்பார், எந்த மருந்தை மொத்த எடைக்குக் கணக்கிடுவது, எதைச் சதைக்கு மட்டும் கணக்கிடுவது என்று நம்மை வறுத்தெடுப்பார். அவர் பயந்தது கனத்துக்கு அல்ல, கரைவதற்கு.

டிரைவருக்குச் சாப்பாட்டையே மருந்து போல வேளைக்கு இவ்வளவு என்று எழுதிக்கொடுத்தார். படியேறி இறங்கச் சொன்னார். போன வாரம் மாரடைப்பில் பெரியவரே போய்விட்டார். டிரைவரின் அறுவை நாளைக் காலை.

அவர் தள்ளிவைத்தது சரியா? அதற்குள் கட்டி பரவியிருந்தால்? எனக்குத் தெரியாது. இறந்தவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்வதற்கான இடம் இது. என்னால் சொல்ல முடியவில்லை. இருந்திருந்தால் அவருக்கும் நாளை வரை தெரிந்திருக்காது. தெரியாமலேயே முடிவெடுத்துவிட்டு, ஓடிப்போகாமல் பக்கத்தில் நின்றாரே, அதுதான் அவர்! இப்போது அந்த இடத்தில் நான் நிற்கிறேன்.

கூட்டத்துக்கு வரும்போது டிரைவரின் மனைவி வாசலில் மறித்தார்.

"டாக்டரம்மா, நாளைக்கு அவரை யாரு தூங்க வைப்பாங்க?"

"நான்தாம்மா."

"நீங்களும் பெல்ட்டைப் பார்ப்பீங்களா? ஒரு ஓட்டை தளர்த்திப் போடுறாரு இப்ப. பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்னு தலைமாட்டுலயே சுருட்டி வச்சிருக்காரு. அவரு போன விஷயத்தை நான் இன்னும் சொல்லலைம்மா. வாய் வரலை."

இதனால்தான் கால் நிற்கவில்லை. பெல்ட் தளர்ந்தது சதை ஏறியதாலா, வயிற்றில் நீர் சேர்ந்ததாலா? பெல்ட் அதைச் சொல்லாது. நான் போய்ப் பார்க்க வேண்டும். முதலில் செய்தியைச் சொல்ல வேண்டும். பிறகு எடை மெஷினில் ஏற்றி, கையைக் கட்டி எழச் சொல்ல வேண்டும். எழுந்தால், சர்ஜன் அவர்களே, நாளை முதல் ஆள் அவர்தான். தலைமாட்டில் நான் இருப்பேன். எழாவிட்டால் உங்கள் கதவைத் தட்டுவேன். திட்டுங்கள். பெரியவரைத் திட்டிய அதே வார்த்தைகளால் திட்டுங்கள். முடிவெடுக்கும் வரை நான் அங்கிருந்து நகரமாட்டேன்.

அக்கா, அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னார்கள். என்னிடம் இருக்கும் உறுதி இவ்வளவுதான். விடை கொடுங்கள். மாடியில் ஒருவர் பெல்ட்டோடு காத்திருக்கிறார்.