நாலு ஏக்கரும் ஒரு காலிக் கட்டமும்

"ஏமாத்திட்டான்ங்க! மூஞ்சிக்கு நேரா ஏமாத்திட்டான்! காலைக் கொஞ்சம் மடக்குங்க, ஜன்னலோரம் போய்க்கிறேன்... ஆங்."

மரக்காணத்தில் பாண்டி பஸ் ஏறியதும் தனகோடி இப்படித்தான் ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் யாரோ, எவரோ. காது இருந்தது, அது போதும்.

"வக்கீலைப் பாக்கப் போறேன். நாலு ஏக்கர் உப்பளங்க! கூலிக்கு உப்பு சுமந்து, பேரம் பேசிப் பேசி வாங்கினது. மழையில கரையெல்லாம் அறுத்துக்கிச்சு. அனுமந்தை சகாயராஜ் குத்தகைக்குக் கேட்டான். கரையைப் போட்டுக்க, அஞ்சு வருசம் ஓட்டிக்கன்னேன். வாயால சொன்னதுதாங்க! வாயால ஆயிரம் சொல்லுவோம்... நீங்க சொல்ல மாட்டீங்க?

பத்திரம் எழுதுறவன்கிட்டப் போனா நூறு கேள்வி கேப்பான். பிரவுசிங் சென்டர் வசந்தாதான் சொல்லிச்சு, 'அண்ணே, இப்ப இன்டர்நெட்லயே குத்தகைப் பாரம் எழுதலாம். பேரு, சர்வே நம்பர், வருசம்னு கட்டம் காலியா உட்டா, அவரு இருக்கிற எடத்துலேருந்தே ரொப்பிடுவாரு'ன்னு. ரெண்டு பேருக்கும் ஒரே பாரம்! அவன் அனுமந்தையில தொறந்தாலும் அதுதான், நான் மரக்காணத்துல தொறந்தாலும் அதுதான். அட, என்னா வசதி! வருசத்தை எழுத்துல எழுதுற கட்டம் வேணாம்மா, நம்பர் மட்டும் போதும்னேன். ஏன்னா... சும்மாதாங்க. ஏன் அப்பிடிப் பாக்குறீங்க?"

பார்த்தவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் எல்லாத்தையும் ரொப்பி, அஞ்சுன்னு போட்டான். ரிஜிஸ்தருக்கு முந்தின நாள் போயி, அஞ்சை அழிச்சிட்டு ஒண்ணு போட்டேன். கரையை முடிக்கட்டும், அடுத்த தையில அவனைக் கெளப்பிடலாம்னு. இது தொழில்ங்க! அவன் மறுபடி தொறந்து பாப்பான்னு கனவா கண்டேன்?

ஆபீஸ்ல படிச்சிப் பாத்துக் கையெழுத்துப் போடுன்னாங்க. நான் எழுதின பாரத்தை நானே படிக்கணுமா? மானம் என்னாவுறது! சர்ருன்னு போட்டேன். சம்மதமான்னாங்க. தெருவுக்கே கேக்குற மாதிரி 'சம்மதம்'னேன்.

இன்னிக்குக் காலைல நகல் வருது... பதினஞ்சுங்க! பதினஞ்சு வருசம்! எனக்கு இப்பவே அம்பத்தெட்டு! போயி சட்டையைப் புடிச்சேன். சிரிக்கிறான். 'அண்ணே, நீங்க போட்ட ஒண்ணையும் அழிக்கல, பேசுன அஞ்சையும் உடல. பக்கத்துல பக்கத்துல வச்சிட்டேன்'ங்கிறான். என்னா திமிரு! ஒருத்தன் எழுதினதுல இன்னொருத்தன் கை வைக்கலாமா? நாயம் வேணாம்?"

பஸ் கீழ்புத்துப்பட்டில் நின்றது. தனகோடி குரலைத் தாழ்த்தி, ஜன்னல் வழியே, பஸ் வந்த திசைக்குக் கையை நீட்டினார்.

"அது கெடக்கட்டும். அந்தப் பக்கம் எனக்கு இன்னும் ரெண்டு ஏக்கர் இருக்குது. உங்களைப் பாத்தா நல்ல மனுசனாத் தெரியுது. பேசுவமா? பாரம் ரெடி. ஒரே ஒரு கட்டத்தை மட்டும் காலியா..."

திரும்பினார். பக்கத்து சீட் காலி.

கீழே ரோட்டில், பாண்டிக்கு டிக்கெட் எடுத்திருந்த அந்த மனிதர், பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்த பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.