முழங்கால் படத்துக்காகக் கழற்றிய பூட்டு

பெயரும் முகவரியும் தனித்தாளில் கொடுத்துள்ளேன். வயது எழுபத்தொன்று. படிப்பு இரண்டாம் வகுப்பு. எலும்பு மருத்துவமனையின் பதிவு மேசையில் வேலை பார்த்து, நேற்று முன்தினம் கைதான பெண் என் மகள் வயிற்றுப் பேத்தி. அந்த மருத்துவமனையின் இணையதளத்தைக் கவனிப்பவன் என் அண்ணன் மகன். தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் நான்.

இரண்டு மாதத்துக்கு முன், நான்காம் தேதி, வியாழன், பகல் பதினொன்றேகாலுக்கு முழங்கால் வலியோடு அங்கே போனேன். வேறிடத்தில் எடுத்த ஸ்கேன் படத்தை இணையதளத்தில் ஏற்றினால்தான் டாக்டர் பார்ப்பார் என்றார்கள். அது சாதாரண போட்டோ வகை இல்லை என்று இணையதளம் மூன்று முறை தள்ளிவிட்டது. அதன் பிறகு அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். அவன் வந்து கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டு, "அத்தை, உங்களுக்காகப் பூட்டையே கழட்டிட்டேன். இனி எதைப் போட்டாலும் உள்ள போகும்" என்றான்.

"திருடன் எதையாவது போட்டா?" என்று கேட்டேன்.

"திருடனுக்கும் முட்டி வலியா, அத்தை?" என்றான். நானும் சிரித்தேன். என் படம் உடனே ஏறியது. பூட்டை நாளைக்கே திரும்ப மாட்டிவிடுவதாகச் சொன்னான்.

அதன் பிறகு பத்தொன்பதாம் நாள் பேத்தி அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த வாரமே, ஸ்கேன் படங்களுக்கு நடுவே படமே இல்லாத ஏதோ ஒன்றை யாரோ ஏற்றியிருப்பதைக் கண்டு அவனிடம் சொல்லியிருக்கிறாள். "வந்த வேலையைப் பாரு" என்றானாம். அவன் கோபித்துக்கொண்டதாக அன்று மாலையே என்னிடம் சொன்னாள். அது படம் போல வேஷம் கட்டி வந்த புரோகிராம் என்றும், மருத்துவமனைக் கம்ப்யூட்டரே அதை ஓடவிட்டு நோயாளிகளின் விவரங்களை வெளியே கொட்டியது என்றும் உங்கள் அதிகாரி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு, பூட்டைக் கழற்றியது பேத்திதான் என்று அவன் இந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தான். ஒன்பது வயதில் நிலைக்கண்ணாடியை உடைத்துவிட்டு என் மகளைக் கை காட்டினான். அன்று அவனை நம்பி மகளை அடித்தேன். நேற்று நான் வாசல் பெஞ்சில் இருந்தேன். அவன் என்னைத் தாண்டும்போது குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். அது வார் இல்லாத செருப்பு.

என் முழங்கால் படம் இன்னும் அங்கேதான் இருக்கும். அது ஏறிய தேதியைப் பாருங்கள். பூட்டு இருந்திருந்தால் அது உள்ளே போயிருக்காது. அன்று பேத்தி அந்த வாசலையே மிதித்ததில்லை.

எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நடந்தது நடந்தபடி இருக்கிறது, கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. "அண்ணன் மகன்" என்பதை அடித்துவிட்டு "பொறுப்பாளர்" என்று போடட்டுமா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம் என்றேன். அண்ணன் இதைப் படிக்க வேண்டும்.

கைநாட்டு மை வேண்டாம். கையெழுத்தே போடுகிறேன்.

(ஒப்பம்)