மழை என்று எழுதிய நாட்கள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர் பெருமக்களே! யோங் பெங்கிலிருந்தும் லாயாங் லாயாங்கிலிருந்தும் ரயிலும் பஸ்ஸும் பிடித்து மூவாருக்கு வந்திருக்கும் அன்பர்களே! முன்வரிசையில் இருக்கும் தங்கை அமலோற்பவமே! ஆய்வுக்கூடத் தலைமை உதவியாளன் அர்ச்சுனனின் வணக்கம்.

முப்பத்து நான்கே வயதில் நம்மை விட்டுப் போன உங்கள் கணவர், ஆய்வுக்கூட உதவியாளர் செபஸ்தியன், என்ன வேலை பார்த்தார்? இங்கே பலருக்குத் தெரியாது. நம் மருத்துவமனையில் புற்றுநோய்க்கு வைக்கும் ரேடியக் குழாய்கள் கசிகின்றனவா என்று எலெக்ட்ரோமீட்டர் என்ற அளவுப் பெட்டியில் பார்ப்பது அவர் வேலை. அந்தப் பெட்டிக்குள் ஒரு தங்க இலை தொங்கும். மின்னேற்றினால் விலகி நிற்கும். காற்றில் ரேடியத்தின் கசிவு இருந்தால் சீக்கிரம் விழும். விழும் நேரத்தை விநாடிக் கணக்கில் எண்ணவேண்டும். மின்விசிறியை நிறுத்துவார், மூச்சை அடக்கிக் குனிவார், ஒரே அளவை ஐந்து முறை எடுப்பார். எத்தனை பொறுமை! எத்தனை நேர்மை!

ஆனால் நம் ஊர் ஈரக்காற்றிலும் அந்த இலை சீக்கிரம் விழும். ஆகவே எங்களுக்கு ஒரு வழக்கம். அளவு ஒத்துவராத நாளில் நோட்டின் ஓரத்தில் 'மழை' என்று எழுதித் தள்ளிவிடுவோம். அதைப் பழக்கிக்கொடுத்தவன் யார்? நான்தான், அன்பர்களே!

சென்ற ஆண்டு இலை நாளுக்கு நாள் வேகமாக விழுந்தது. பிப்ரவரியில் ஒரு சொட்டு மழை இல்லை.

"அண்ணே, வெளிய காயுது. இன்னைக்கும் மழைன்னு எழுதவா?" என்றார் செபஸ்தியன்.

"எழுது தம்பி. டாக்டருங்க கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அவர் எழுதவில்லை. ரேடியமே நுழையாத மாதாகோவில் பள்ளிக்கூடத்துக்குப் பெட்டியைத் தூக்கிப் போனார். நானும் போனேன். வெறும் காற்றில் இலை விழ அறுபது விநாடி ஆனது. பிறகு, ஈரம் போவதற்காகச் சுண்ணாம்பு நிறைத்த ஒரு குழல் வழியே, தன் மூச்சைப் பெட்டிக்குள் ஊதினார். பத்தொன்பது விநாடி!

"அது என் உடம்புக்குள்ள போயிருச்சுண்ணே. நீங்களும் ஊதிப் பாருங்க."

வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பயம்! வேறொன்றுமில்லை.

அடுத்த மாதம் அவருக்குப் பற்கள் விழுந்தன. தாடை வீங்கியது. வெறும் பல்வலி என்றோம். அமலோற்பவம் கஞ்சி கரைத்து ஊட்டினார். கசியும் குழாயை அப்புறப்படுத்துங்கள் என்று செபஸ்தியன் படுக்கையிலிருந்து மருத்துவமனைக்கு மூன்று கடிதம் எழுதினார். யார் பதில் போட்டோம்? அந்தக் குழாய் இன்னும் அதே அலமாரியில் இருக்கிறது. திங்கட்கிழமை செபஸ்தியனின் நாற்காலியில் உட்காரப் போகிறவர், அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கும் நம் கம்பவுண்டர் கனகராஜ்!

உட்காராதே, கனகராஜ்! டாக்டர் பெருமக்களே, உங்கள் முகத்துக்கு நேரே சொல்கிறேன். அந்தக் குழாய் வெளியேறி, அறை கழுவப்படும் வரை அறைச் சாவி என் இடுப்பில் இருக்கும். கேட்டாலும் தரமாட்டேன். செபஸ்தியன் எண்ணியபடியே இனி நான் எண்ணுவேன். எண்ணியதை அப்படியே எழுதுவேன்.

தொடங்கியும் விட்டேன். நேற்றுக் காலை அதே பள்ளிக்கூடத்தில், அதே சுண்ணாம்புக் குழலில், நான் ஊதினேன். நல்ல வெயில். வெறும் காற்றில் அதே அறுபது விநாடி.

நாற்பத்தொரு விநாடி.