இரண்டு இழுப்பு

எனக்கு மூட்டு வலி. உட்கார்ந்தபடியே சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். இந்த வலிக்கு நான் இதுவரை ஒரு மாத்திரை போட்டதில்லை.

சிறை மருந்தறையில் முப்பத்தோரு வருடமாக உதவியாள். படிப்பு ஐந்தாவதோடு சரி. டாக்டர் வாரம் இரண்டு நாள் வருவார், மூக்கில் கைக்குட்டையோடு. "பெரியவரே, எவன் நடிக்கிறான்னு நீங்களே பாத்துத் திருப்பி அனுப்பிடுங்க" என்பார். அவ்வளவுதான் அவர் படித்த படிப்பு.

வெளியே கடப்பாரையால் பூட்டை உடைக்கும்போது வலிக்காத தோள், உள்ளே துடைப்பத்தைக் கண்டதும் வலிக்கும். பல்வலி என்று வந்தால் குறடை எடுத்து மேஜைமேல் வைப்பேன். பாதிப் பேருக்கு அங்கேயே குணமாகிவிடும். வயிற்றுவலிக்காரன் முன்னால் ரொட்டியை வைப்பேன். தின்றால், 'ஓடு' என்பேன்.

லாரி டிரைவர் ஒருவன் கைதியாக வந்தான். மூச்சிரைப்பாம். மருந்தை வாயில் அடித்து இழுக்கிற பம்பை அவன் பெண்டாட்டி கொண்டுவந்து தந்தாள். "அப்பா மாதிரி இருக்கீங்க. அவர் கேட்டா உடனே குடுத்துடுங்கய்யா" என்றாள்.

"கேட்டா குடுக்க நான் என்ன உங்க வீட்டு ஆளாம்மா?" என்றேன்.

பம்ப் என் அலமாரியில்தான் இருக்கும். கைதிகள் கையில் கொடுத்தால் சிகரெட்டுக்கு மாற்றிவிடுவார்கள். காலையில் இரண்டு இழுப்பு, மாலையில் இரண்டு. ஒருமுறை நடுப்பகலில் வந்து கேட்டான். உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகி எழுந்து போனான். ஆளை எடைபோட அது போதாதா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். கூடவே அவன் அறைக்காரன், ஒரு பிக்பாக்கெட்.

"யோவ் கிழவா, குடுத்துத் தொலைய்யா! உதடு நீலமாப் போச்சு பாரு!"

மரியாதை தெரியாதவன். காவலரைக் கூப்பிட்டு அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தச் சொன்னேன். பிறகு அலமாரியைத் திறந்து பம்பைக் கையில் எடுத்தேன். டிரைவர் அதையே பார்த்தான், விரலை நீட்டினான்.

"விரலை நீட்டாத. வாயால கேளு. ஐயான்னு கேளு" என்றேன்.

கேட்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. நான் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினோரு நிமிடம். காவலர் கதவுக்கு வெளியே பிக்பாக்கெட்டை அடித்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரை இதில் இழுக்காதீர்கள்.

உண்மையாகவே நடிப்பு என்று நினைத்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. பல்வலியை நடிக்கலாம், நெஞ்சுவலியை நடிக்கலாம். உதட்டின் நிறத்தை எவனாலும் நடிக்க முடியாது. இத்தனை வருடத்தில் அது கூடத் தெரியாமலா இருப்பேன்? கேட்பதற்கு அவனுக்கு நேரம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

அவன் சரிந்து விழுந்து மூச்சு அடங்கியதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். வாயைத் திறந்து பம்பை வைத்து இரண்டு முறை அழுத்தினேன். மாலைக்கு உள்ளதை முன்கூட்டியே கொடுத்தது விதிப்படி தப்புதான். அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.