இரண்டு இழுப்பு

உச்சி வெயில், பன்னிரண்டு மணி. வெண்ணந்தூருக்குப் போகும் மண் சாலையில் ஈ காக்கை இல்லை. பேய்க்கு இருட்டுதான் வேண்டும் என்று நினைத்தீர்களா? சிரிக்காதே வசந்தாமணி. கரண்ட் வருகிறவரை எல்லோரும் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன்.

நம் கரீம் பாஷாவின் மச்சான் பரக்கத் அலிக்கு நடந்தது இது. எண்பத்தாறில். ஆலைகளின் மதிலோரம் காற்றைச் சோதிக்கிற வேலை அவனுக்கு. அந்த மண் சாலையோரம் ஒரு சாயப்பொடி ஆலை. பின்மதிலுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சந்து, ஒரு ஆள் போகும் அகலம்தான். உள்ளே கருவி ஓடும்... டுக், டுக், டுக். அதிலிருக்கும் வெள்ளைக் காகிதம் விஷக்காற்று பட்டால் கறுக்கும். தினம் அதை மாற்ற வேண்டும்.

உள்ளே போகிறவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொள்வான். சந்தின் வாயில் இன்னொருவன் மறுமுனையைப் பிடிப்பான். சந்தின் நடுவே உள்ள வளைவு மறைக்கும், முகம் தெரியாது. ஒரு இழுப்பு என்றால் நலம். இரண்டு என்றால், என்னை வெளியே இழு. கிணறு தோண்டுகிறவர்களிடம் கற்ற முறை.

அன்று கூட்டாளி மருதாசலத்துக்கு வழியில் டயர் பஞ்சர். சந்தருகே காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் குந்தியிருந்தான்.

"நான் புடிச்சுக்கறனுங்க பாய். போய்ட்டு வாங்க."

பொறுமையில்லாத பரக்கத் கயிற்றைக் கொடுத்துவிட்டான்.

வளைவு தாண்டி ஒரு இழுப்பு இழுத்தான். ஒன்று திரும்பி வந்தது. அழுகிய முட்டை நாற்றம் மூக்கில் ஏறியது. காகிதம் கரியாகக் கிடந்தது. கை வைத்தான்... சட்டென்று நாற்றம் நின்றது.

அடப்பாவி! நாற்றம் போகவில்லை, மூக்குதான் செத்துவிட்டது. அடுத்தது உயிர். அது அவனுக்குத் தெரியும். பயந்துபோய் இரண்டு இழுப்பு இழுத்தான்.

இரண்டு திரும்பி வந்தது.

மறுபடி இழுத்தான், பலமாக. மறுபடி இரண்டு, அதைவிடப் பலமாக. கண் எரிந்து பார்வை போனது. யா அல்லாஹ் என்று கயிற்றைப் பற்றியபடியே தவழ்ந்தான். கயிறு போகிற பக்கம்தானே வாசல்! கல் இரு தோளையும் நெருக்கியது...

"பாய்! எங்கீங்க போறீங்க? வழி இந்தப் பக்கமுங்க!"

மருதாசலத்தின் குரல். முதுகுக்குப் பின்னால், வளைவிலிருந்து வந்தது.

கயிறு சந்தின் கோடிக்குப் போயிருந்தது. அங்கே வாசல் ஏது, பாறைதான். மருதாசலம் ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு பாய்ந்து, அவனைக் கயிற்றோடு வெளியே இழுத்துப் போட்டான். இடுப்பு முடிச்சு அவிழவில்லை. கத்தியால் அறுத்தான்.

"கயித்தப் புடிச்ச ஆளு எங்க?" பரக்கத் இருமிக்கொண்டே கேட்டான்.

"நான் வர்றப்ப இங்க ஆருமே இல்லீங்களே பாய்."

அறுந்த முனை அவர்கள் காலடியில் கிடந்தது. மறுமுனை உள்ளே, வளைவுக்கு அந்தப் பக்கம். இருவரும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கயிறு அசைந்தது... இரண்டு இழுப்பு. கொஞ்சம் பொறுத்து, மறுபடி இரண்டு.

இருவரும் அதைத் தொடவில்லை.