ஓபல் ஏறி வந்த வழி

ஆமாம், கத்தினேன். பேசச் சொல்லித்தான் கத்தினேன், திட்டுவதற்காக அல்ல.

என் பெயர் மாரிட் ஹாக்ஸ்டாட், வயது 31, தந்தை பெயர் எய்னார். மொன்டானா மாநிலம் கெல்டன் கிரீக் ஊரில், குதிரைக் கொட்டிலை ஒட்டிய வீட்டில் குடியிருக்கிறேன். காப்புக்காட்டுக்குள் குதிரை, கோவேறு கழுதை மேல் பொதி கொண்டுபோவது என் தொழில். வனச்சரகர் டெல் பிராக்கெட் கேட்கிறார், நான் சொல்கிறேன், அவரே எழுதுகிறார்.

லான்டர்ன் கணவாய்த் தடத்தைக் குதிரைகளுக்கு நிரந்தரமாக மூடலாமா என்று இந்த விசாரணைக்குப் பிறகு முடிவாகும் என்பது எனக்குத் தெரியும். அதுவரைக்கும் குதிரைகள் போகாதபடி தடத்தின் நுழைவில் சங்கிலி போட்டிருப்பதையும் பார்த்தேன். மூடினால் எனக்கு வேறு தடம் இல்லை.

சம்பவத்தன்று காலை, கணவாய்க்கு அப்பால் ஓடையின் மேல் நடைப்பயணிகளுக்காகக் கட்டும் பாலத்துக்குப் பலகை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். அந்தக் காட்டுக்குள் இயந்திரமும் சக்கரமும் போகக் கூடாது. அதனால் பலகை முதுகில்தான் போகும். நான் பியூலா என்ற பெண்குதிரையின் மேல் இருந்தேன். அவள் கழுத்தில் மணி. பின்னால் மூன்று கோவேறு கழுதைகள், ஒன்றின் கயிறு அதற்கு முன்னால் போவதன் சேணத்தில். கடைசியில் ஓபல். கோவேறு கழுதை மனிதரை நம்பாது, மணி கட்டிய குதிரையை நம்பும். கயிற்றைக் கட்டும் வளையம் மட்டும் வேண்டுமென்றே மெல்லிய சணலில் இருக்கும். ஒன்று விழுந்தால் அது அறும். மற்றவை நிற்கும்.

அதன் பிறகு பாறை விளிம்புக்கு வந்தோம். ஒரு பக்கம் மலை. மறுபக்கம் ஒன்றுமில்லை. மேட்டுப் பக்கம் ஊசியிலை மரத்தின் பின்னால் ஒருவர் அசையாமல் நின்றார், தலைக்கு மேல் உயர்ந்த சிவப்பு முதுகுப்பையுடன். அவர் டாக்டர் குவென்டின் ஆஷ்பி, பல் மருத்துவர், விடுமுறையில் வந்தவர் என்பது பின்னால் தெரிந்தது. எங்கள் வழக்கப்படி நடந்து வருபவர் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, வாய் திறந்து ஏதாவது பேச வேண்டும். குரல் கேட்டால்தான் விலங்குக்கு அது மனிதன். மேட்டில் மூச்சைப் பிடித்து நிற்பது அதற்கு மலைச்சிங்கம், மேலிருந்து பாயும் பெரும்பூனை.

"பேசுங்க சார்! எதையாவது பேசுங்க!"

நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து அவர் மரத்தோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். குதிரைகள் வந்தால் அமைதியாக ஒதுங்கி நிற்கவும் என்று நுழைவு அறிவிப்பில் இருந்தது, அதன்படி நின்றேன் என்று பிறகு சொன்னார். அப்படி எழுதியிருப்பது உண்மை.

இந்த இடத்தில் சரகர் பேனாவை நிறுத்தினார். "அந்த போர்டு நான் எழுதி வெச்சது, மாரிட்."

"தெரியும் டெல். அதையும் எழுதுங்க."

அதன் பிறகு முதல் கழுதை மிரண்டு பின்னால் வந்தது, அது இரண்டாவதை இடித்தது, இரண்டாவது ஓபலை இடித்தது, ஓபலின் பின்னங்கால்கள் விளிம்பைத் தாண்டின. சணல் அறுந்த சத்தம் சின்னது. குச்சி ஒடிவது போல. தடத்திலிருந்து ஒரு கல்கூடப் பெயரவில்லை. பலகைகள் பாறையில் மோதும் சத்தம் கீழே போய்க்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் நின்றது.

நான் இறங்கிப் பார்த்தேன். வெகு கீழே, கோடையிலும் கரையாத பனித்திட்டில், பழுப்பாகக் கிடந்தாள். டாக்டர் தவழ்ந்து வந்து பக்கத்தில் எட்டிப் பார்த்தார்.

"செத்துடுச்சா? ஐயோ, நான் நகரக்கூட இல்லையேம்மா..."

"வாயை மூடுங்க."

"இப்பத்தானே பேசச் சொன்னீங்க?"

"அது அப்ப."

ஓபல் ஒரு காதை அசைத்தாள். பிறகு எழுந்தாள். ஒரு பக்கத்துப் பலகைகள் இன்னும் முதுகில் இருந்தன. அந்தச் சரிவில் வழி கிடையாது. மூன்று அடுக்காகச் செங்குத்துப் பாறை. நானே கயிறு இல்லாமல் இறங்கமாட்டேன். நான் பியூலாவின் கழுத்து மணியைக் கையில் பிடித்து ஆட்டினேன். நிறுத்திக் கேட்டேன். மறுபடி ஆட்டினேன். டாக்டர் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் கண்டதை எப்படி எழுதுவது என்று சரகரைக் கேட்டேன். கண்டபடியே என்றார். ஓபல் மணி இருக்கும் திசையை விட்டு விலகிப் போனாள். பாறைக்குள் போனதுபோல் மறைந்தாள். மேல் அடுக்கில் வெளியே வந்தாள், நின்று மணியைக் கேட்டாள், மறுபடி மறைந்தாள். மலை முழுதும் எதுவும் அசையவில்லை, காற்று உட்பட. அவள் குளம்புச் சத்தம் மட்டும், ஒருமுறை இடதில், ஒருமுறை எங்களுக்கு நேர் கீழே.

அவள் தடத்தில் கால் வைத்த இடத்துக்கும் பியூலாவுக்கும் நடுவில் டாக்டர் இருந்தார். அவர் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, மெதுவாகப் பேசினார்.

"வாம்மா, வா. நான் மனுஷன்தான். பல் டாக்டர். பயப்படாதே, உன் பல்லைத் தொடமாட்டேன்."

ஓபல் அவரைக் கடந்து போய்ப் பியூலாவின் விலாவில் நெற்றியை வைத்து நின்றாள். தொடையில் ஒரு கீறல். வேறு காயம் இல்லை. டாக்டர் தடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாலத்துக்குப் போகாமல் திரும்பினோம். நுழைவு வரைக்கும் அவர் ஓபலிடம் பேசிக்கொண்டே வந்தார். அவர் மேல் எனக்குப் புகார் இல்லை.

இந்தத் தடம் குதிரைகளுக்குப் பாதுகாப்பானதா என்று சரகர் கேட்டார். பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன். பல வருடமாக அந்த விளிம்பில் போய்வருகிறேன். அந்தச் சரிவில் ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது. ஓபலுக்குத் தெரியும். அவள் போகக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டினார், கேட்டேன். கண்டதை மட்டும் சொல்லியிருக்கிறேன், காணாத எதையும் சேர்க்கவில்லை.

(ஒப்பம்) மாரிட் ஹாக்ஸ்டாட்

குறிப்பு: ஒப்பமிட்டபின் சாட்சி மாரிட், விலங்குகளைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டு, வெளியே காத்திருந்த டாக்டர் ஆஷ்பி மறுமுனையைப் பிடிக்க, ஒரு பலகையைத் தோளில் ஏற்றிச் சங்கிலியைத் தாண்டிப் பாலத்தை நோக்கி நடந்து போனார். — டெ. பிராக்கெட்