நெட்டையின் நடை

இடுப்பு விட்டுப்போயிருந்தது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. அந்த இடுப்போடுதான் நடந்துகொண்டிருந்தான், எங்கள் தெரு வெல்டருடைய மச்சான். இரவு இரண்டு பத்து. கிடங்கை விட்டு வெளியே போகும் சாலை. ஒரு பக்கம் கம்பி வேலி, மறு பக்கம் ஒன்றுமில்லை... நடந்தது அவன் இல்லை என்பதுதான் விஷயம்.

அந்தக் கிடங்கில் சுமை தூக்குகிறவர்களுக்கு இரும்புக் கூடு கொடுப்பார்கள். முதுகிலிருந்து கணுக்கால் வரை வார் போட்டுக் கட்ட வேண்டும். இடுப்பில் மோட்டார். கட்டியவன் நடையைக் கற்றுக்கொண்டு அவனோடு சேர்ந்து தூக்கும். ஆள் மாறினால் பழைய நடையை அழித்துவிட்டுக் கட்ட வேண்டும், கால் மணி நேர வேலை. யார் அழித்தார்கள்? அப்படியே மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

மச்சானுக்கு ஒரு கூட்டாளி, நெட்டை. இடது காலை லேசாக இழுத்து நடப்பவன். ஒரு நாள் மச்சான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு எனக்காக நீ போ, இன்னொரு ராத்திரி உனக்காக நான் வருகிறேன் என்று கேட்டான்.

"நீ படுத்துக்கிட்டே சாவுடா, நான் போறேன்" என்று சிரித்துவிட்டுப் போனான் நெட்டை.

அன்று ராத்திரி இரண்டு பத்துக்குச் சரக்கு அடுக்கு நெட்டை மேல் சரிந்தது. வாரை அறுத்துத்தான் உடம்பை வெளியே எடுத்தார்கள். மச்சான் சாவு வீட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டான். நெட்டை பெண்டாட்டி முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

இருபதாம் நாள் அதே கூடு, புது வாரோடு, மச்சான் கைக்கு வந்தது. மெக்கானிக்கிடம் ஓடினான்.

"அவன் நடைய ரெண்டு தடவை அழிச்சிட்டேன். பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பேட்டரியக் கழட்டினா வெறும் இரும்பு."

கட்டினான். முதல் அடியிலேயே இடது கால் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி வரை தூக்கினான். அப்புறம் முடியாமல் பேட்டரியைப் பிடுங்கினான்.

ட்ர்ர்ர்... இடுப்பில் மோட்டார் ஓடியது. கருகிய கிரீஸ் வாடை. கூடு திரும்பி வாசலைப் பார்த்து நடந்தது. வாரை அவிழ்க்கப் பார்த்தான், நிற்காத காலில் கொக்கி பிடிபடவில்லை. பேட்டரி அவன் கையில்தான் இருந்தது... ஜில்லென்று.

நெட்டை வீட்டு வாசலில் நின்றது. தூக்கித் தூக்கிக் கை மரத்துப்போய் வருகிற நெட்டை, காலால்தான் கதவைத் தட்டுவானாம். மச்சானின் இடது கால் எழுந்தது. தட். தட். தட்.

கதவைத் திறந்தவள் திடுக்கிடவில்லை.

"இருபது நாளா இந்நேரத்துக்குச் சத்தம் கேக்குதுண்ணே. திறந்தா யாரும் இருக்க மாட்டாங்க. இன்னைக்குத்தான் ஆள் நிக்குது."

அவன் பேட்டரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"அன்னைக்கு அவரு யாருக்குப் பதிலா போனாரு? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

மோட்டார் நின்றது. கொக்கிகள் ஒவ்வொன்றாகத் தாமே கழன்றன. கூட்டை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

இப்போது அந்த வேலையில் இல்லை. வெல்டர் வீட்டில்தான் படுக்கை. உடம்பில் கூடும் இல்லை, கம்பியும் இல்லை. ஆனாலும் தினம் இடது காலைக் கட்டிலோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டுத்தான் வெல்டர் விளக்கை அணைக்கிறார். இரண்டு பத்துக்குக் கயிறு முறுக்கேறுகிற சத்தம் கேட்குமாம்...

நெட்டைக்குத் தரவேண்டிய ஒரு ராத்திரி ஷிப்டு இன்னும் பாக்கி.